"இப்ப பாருங்க தம்பி!"

பொனட்டைத் திறக்கும் சத்தம் போதும், கூப்பிட வேண்டியதில்லை. வலப்பனைப் பக்கம் எந்தச் சந்தியில் வண்டியை நிறுத்தினாலும் வயர்மேன் அண்ணன் வந்துவிடுவார். கையில் டெஸ்டர், வாயில் வெற்றிலை. "என்னா தம்பி, லைட்டு எரியுதா?" என்று கேட்டுக்கொண்டே டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவார். வண்டி இனிமேல் அவருடையது.

வயர்மேன் அண்ணன் என்றால் எல்லாருக்கும் தெரியும். இராகலையிலும் ஒருவர் இருக்கிறார், உடப்புசல்லாவையிலும் இருக்கிறார். நம்மவர் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற ஃபேன்களையும் ரோலர் மோட்டர்களையும் பார்த்துப் பென்சன் ஆனவர். "ரோலர் மோட்டருக்கே பயப்படாத ஆளு, இந்தச் சின்ன பல்புக்கா பயப்படப்போறேன்?" என்பார். அவர் பயப்படுவதில்லை என்பதுதான் எங்கள் பயம்.

பல்பு எதுவென்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிற ஓர் ஆள், அவன் முன்னால் ஓர் உருண்டை. எயார்பேக் லைட். சாவியைத் திருப்பினால் 6 செக்கன் போல எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் எங்கோ குறை இருக்கிறது, மோதினால் பை விரியாமல் போகலாம் என்று அர்த்தம். அண்ணன் அகராதியில் அதற்கு வேறு அர்த்தம்: "வயித்தப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கான் பாருங்க. கனெக்சன் லூஸு."

அவருடைய முழு வைத்தியமும் "இப்ப?" என்ற ஒரே கேள்விதான்.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் பிளக் ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். சரியான தகவல். இது வேறு வயர், கண்டபடி கைவைக்காதே என்று காட்டத்தான் அதற்கு மஞ்சள் நிறமே கொடுத்திருக்கிறார்கள். அண்ணனுக்கு மஞ்சள் என்றால் மங்களம். தலையைச் சீட்டுக்குக் கீழே விட்டு, கால் இரண்டையும் கதவுக்கு வெளியே ரோட்டில் நீட்டிவிடுவார். அதற்குப் பிறகு குரல் மட்டும்தான் வரும்.

"இப்ப?"

"எரியுதுண்ணே."

"இப்ப?"

"எரியுது."

"இப்ப பாருங்க."

"அப்படியேதான் எரியுது."

"நல்லாப் பாருங்க தம்பி, கொஞ்சம் மங்கியிருக்குமே?"

மங்குவதற்கு அது என்ன குப்பி லாம்பா? ஆனால் ஒரு மனுசன் அரை மணி நேரமாகக் கீழே கிடந்து கேட்கும்போது, இரக்கப்பட்டு "ஆமாண்ணே, மங்கின மாதிரிதான் இருக்கு" என்று சொல்லத் தோன்றும். சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அந்த மங்கலைப் பிடித்துக்கொண்டு இன்னும் அரை மணி நேரம் கிடப்பார்.

நமக்குக் கழுத்து வலித்தால் அம்மாவைச் சாட்சிக்கு உட்கார வைப்போம். அம்மா கெட்ட செய்தி சொல்ல மாட்டார். "அணைஞ்ச மாதிரிதாம்பா இருக்கு" என்பார், கண்ணாடி போடாமல். பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் நேர்மையானவன், "எரியுது, எரியுது, எரியுது" என்று கேட்காமலே சொல்லிக்கொண்டிருப்பான். அவனை அண்ணனே எழுப்பிவிடுவார். பிறகு பஸ்ஸுக்கு நிற்பவர்கள் சேர்வார்கள். இராகலை பஸ் வந்து நிற்கும், கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி, "இன்னுமா எரியுது?" என்று விசாரிப்பார். அண்ணன் சீட்டுக்கு அடியிலிருந்து அவருக்கும் "இப்ப?" போடுவார்.

சில சமயம் சாவியைத் திருப்பியதும் லைட் வழக்கம்போல எரிந்து, அணைந்து, இரண்டு செக்கன் சும்மா இருந்து, மறுபடி எரியும். அந்த இரண்டு செக்கன்தான் அண்ணனின் பொற்காலம். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி, "பார்த்தீங்களா..." என்று தொடங்குவார். வசனம் முடிவதற்குள் சிவப்பு வந்துவிடும். "நீங்க கதவ அடிச்சிச் சாத்தினீங்க, அதான்" என்று குற்றம் நம் தலையில் விழும்.

மற்ற வித்தைகள் சின்னவை. ஸ்பிரே அடிப்பார். ஒரு நீலப் பிளக்கை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி, போனைப் பார்த்து, "பிழை ஒன்னுமே இல்லைனு வருது" என்பார். அந்த மலிவுப் பிளக்குகள் பெரும்பாலும் இஞ்சின் கோளாறைத்தான் படிக்கும், எயார்பேக் கணினியோடு அவற்றுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. லைட் எரிகிறது, போன் இல்லை என்கிறது, அண்ணன் போனை நம்புகிறார்.

இனிச் சிரிப்பதற்கு இல்லை. மஞ்சள் பிளக்கைக் கழற்றி அதற்குள் மீட்டர் முனையை வைக்கிறார் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிறு கலங்குகிறது. ஓம் அளக்கும்போது மீட்டரே சிறு மின்னோட்டம் ஒன்றை அனுப்பும். பைக்குள் இருக்கும் எரியூட்டி கிட்டத்தட்ட 2 ஓம் தடை உள்ள பொடிப் பொருள், கொஞ்சம் மின்சாரமே அதற்குப் போதும். அது பற்றினால் ஒரு செக்கனில் முப்பதில் ஒரு பங்குக்குள் பை விரிந்துவிடும். "இப்ப?" என்று கேட்கக்கூட நேரமிருக்காது. பெட்டரியைக் கழற்றினாலும் கணினிக்குள் கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கும், அதனால்தான் டொயோட்டா 90 செக்கனும் ஹொண்டா 3 நிமிசமும் பொறுக்கச் சொல்கின்றன. அரை மணி நேரம் ரோட்டில் கிடக்கிற மனுசனுக்கு இந்த 90 செக்கன் மட்டும் கிடைப்பதில்லை.

குறை பல நேரம் அவர் தேடுகிற இடத்திலும் இல்லை. ஸ்டியரிங்குக்குள் சுருள் பட்டி ஒன்று இருக்கிறது, வளையம் திரும்பும்போதெல்லாம் அதுவும் சுற்றி அவிழும். வலப்பனையிலிருந்து இராகலைக்கு ஏறுகிற ரோட்டில் ஸ்டியரிங் நேராக நிற்பது எப்போது? வருசக்கணக்காக இந்த முடக்குகளில் திருகினால் எந்தப் பட்டிதான் அறுந்து போகாது? வண்டியும் கிழடு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் கார்களுக்குக் கதவு திறந்தார்கள். இடையில் இருந்ததை ஒட்டி ஒட்டித்தானே ஓடினோம்?

சரியான ஸ்கேனருக்கு நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும், அங்கே என்ன பில் போடுவார்கள் என்ற பயம் வேறு. அண்ணன் மழையிலும் வருவார், இரவு பத்து மணிக்கும் டோர்ச்சோடு வருவார். காசை நீட்டினால் கோபம் வரும். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ ஒன்று, அதுவும் சீனி கூட. ஊரில் பாதி வண்டி காலையில் ஸ்டார்ட் ஆவது அவரால்தான். இதை மறைத்தால் பாவம்.

ஆனாலும் கேட்கிறேன், பையைச் சரிசெய்ய வந்தாரா, லைட்டை அணைக்க வந்தாரா? கடைசியில் அவர் எடுப்பது கறுப்பு இன்சுலேசன் டேப். இல்லாவிட்டால் அந்த லைட்டின் வயரை ஒயில் லைட்டோடு முடிந்துவிடுவார். அது எரியும்போது இதுவும் எரியும், அது அணையும்போது இதுவும் ஒழுங்காக அணையும், பார்ப்பவருக்குச் சுகமான வண்டி. இந்தக் கார்கள் பிறந்த ஜப்பானில் 2017 பெப்ரவரி முதல் இந்த லைட் எரிந்தால் வாகனச் சோதனைக்கே எடுக்க மாட்டார்கள். நமக்கு வருசா வருசம் லைசன் எடுக்கப் புகைச் சான்றிதழும் இன்சூரன்சும் இருந்தால் போதும். டேப்பைத் தூக்கிப் பார்க்க ஒருவருமில்லை.

ஒரு நாள் இதை அவரிடம் நேராகவே சொன்னேன். அண்ணன் டகாட்டா கம்பெனிக் கதையோடு வந்தார். எங்கே படித்தாரோ, அந்தக் கம்பெனியின் எயார்பேக் வெடித்து உலோகத் துண்டுகள் பாய்ந்தது, உலகம் முழுக்க வண்டிகளைத் திருப்பி அழைத்தது, 2017இல் கம்பெனியே திவாலானது எல்லாம் மனப்பாடம். அந்தக் குறை வெப்பத்திலும் ஈரத்திலும் மருந்து கெடுவதால் வருவது, அதை இந்த லைட் காட்டவே காட்டாது என்றேன். "அதான் நானும் சொல்றேன், வெடிச்சாலும் ஆபத்து, வெடிக்காட்டியும் ஆபத்து. லைட்டயாவது அணைச்சிட்டா மனசுக்கு நிம்மதிதானே?" என்றார்.

இப்போது அவருக்குப் பிடித்த வண்டி எங்கள் பிள்ளைகள் போகிற பழைய ஸ்கூல் வேன். கதவு கயிற்றில் நிற்கிறது. சாவியைத் திருப்பினால் டேஷ்போட்டில் அந்த ஆளும் இல்லை, உருண்டையும் இல்லை, ஏனென்றால் அதில் எயார்பேக்கே கிடையாது. அண்ணன் அதைத் தட்டிக்கொடுத்து டிரைவரிடம் சொல்கிறார், "இதுதான்யா வண்டி. ஒரு கம்ப்ளெய்ன் இல்ல."