பைன் திணை: எடுத்தலும் எடுத்தல் நிமித்தமும்

தொல்காப்பியர் நிலங்களுக்குப் பெயர் வைத்தபோது பைன் காட்டுக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. அது அவர் குற்றமன்று. தென்னிந்திய மலைகளில் தானாக முளைத்த பைன் மரம் கிடையாது. நம் மலைகளில் மிகுதியாக நடப்பட்ட பைன் வகைகளுள் ஒன்றான பட்டுலாவுக்குப் பிறந்த ஊர் மெக்சிகோ. கொடைக்கானலில் 1906இல் பிரையண்ட் என்ற வன அதிகாரி பைன் கன்றுகளை நட்டபோது, இலக்கணத்திலும் ஓர் இடம் பிடித்துவைக்கும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. பூங்கா ஒன்றுக்கு அவர் பெயரை வைத்ததோடு ஊர் தன் கடமையை முடித்துக்கொண்டது. நூறாண்டுக்கு மேலாக இலக்கணமின்றிக் கிடக்கும் இந்நிலத்துக்குத் திணை வகுப்பதே இவ்வாய்வின் நோக்கம். கள ஆய்வு இருமுறை நடந்தது: 1992இல் ஒன்று, 2024இல் ஒன்று. இரண்டிலும் ஆய்வுக்குழு என் குடும்பம். நிதியுதவி முதல்முறை அப்பா, இரண்டாம்முறை நான்.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம், மோயர் பாயிண்டுக்கும் குணா குகைக்கும் தூண் பாறைக்கும் போகிற அதே சாலையோரம். பெரும்பொழுது, மே மாதமும், வெள்ளியோ திங்களோ சேர்ந்து வரும் மூன்று நாள் லீவும். சிறுபொழுது, முற்பகல் பதினொன்று முதல் இரண்டு வரை. குறிஞ்சிக்கு யாமத்தைச் சொன்ன மரபில் பைனுக்கு மட்டும் ஏன் உச்சிவெயில் எனின், லாட்ஜில் பொங்கல் சாப்பிட்டு, குளித்தவர் குளிக்காதவரை அதட்டி, வேன் கிளம்பும்போது மணி பத்தாகிவிடும் என்க. விடியற்காலையில் சாய்வெயில் மரங்களுக்கிடையே கோடுகோடாக இறங்கும் என்பதும், படம் எடுக்க அதுவே தகுந்த வேளை என்பதும் எல்லோரும் அறிந்தவை. ஆனால் அந்த வேளையில் காட்டில் இருந்தவர் எவரையும் எங்கள் குழு சந்தித்ததில்லை. குழுவே கம்பளிக்குள் இருந்தது. உச்சிவெயிலோ கிளை இடுக்குகளில் புகுந்து முகத்தில் திட்டுத்திட்டாக விழும். 1992 படத்தில் அத்தைக்கு நெற்றியில் ஒரு வெள்ளை, கன்னத்தில் ஒரு கறுப்பு. சிறுத்தைக்குப் பொட்டு வைத்தாற்போல இருக்கிறார்.

கருப்பொருளில் தெய்வம் முதலாவது. குறிஞ்சிக்குச் சேயோன். பைனுக்கு வேன் டிரைவர். காலத்தைக் கொடுப்பவரும் பறிப்பவரும் அவரே. “பத்து நிமிஷம் சார்” என்று வரம் தருவார். பதினோராம் நிமிடத்தில் ஹாரன் எழும். ஆகவே இத்திணைக்குப் பறை ஹாரன். உணவு, வேகவைத்த சோளமும் பிரெட் ஆம்லெட்டும். விலங்கு, குதிரையும் குரங்கும். இவற்றுள் குரங்கு மட்டும் கூலி பேசாமல் எடுத்துக்கொள்ளும். பறவை உண்டா எனின், இருக்கலாம். ஸ்பீக்கர் பாட்டில் எங்களுக்குக் கேட்கவில்லை.

இனி உரிப்பொருள். குறிஞ்சிக்குப் புணர்தல், பாலைக்குப் பிரிதல் என்பது போலப் பைனுக்கு எடுத்தலும் எடுத்தல் நிமித்தமும் உரியன. எடுத்தலாவது படம் எடுத்தல். நிமித்தமாவது குல்லாவைக் கழற்றுதல், கலைந்த முடியைக் கோதுதல், “ஸ்வெட்டரோட வேணாம், புடவை தெரியலை” என்று ஸ்வெட்டரை அவிழ்த்து யாரிடமாவது கொடுத்தல், கொடுத்தவர் நடுங்காமல் நிற்றல், இடம் மாறி நிற்றல், பழைய இடத்துக்கே திரும்பி வருதல். எடுத்தலுக்கு ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கு போதும். வரமாகக் கிடைத்த பத்து நிமிடத்தில் மிச்சமெல்லாம் நிமித்தத்துக்கே போயிற்று.

நிற்கும் முறைகள் பல. தழுவல், சாய்தல், காய்ந்த ஊசியிலையை இரு கையாலும் அள்ளி மேலே வீசுதல், முதுகு காட்டி நடத்தல் ஆகியவற்றை விரிக்க வேண்டியதில்லை. எட்டிப்பார்த்தல் ஒன்றே நுண்ணாய்வுக்கு உரியது. மரத்தின் ஒருபக்கம் கணவன், மறுபக்கம் மனைவி, இருவரும் ஒருசேரத் தலையை நீட்டுவது. தமிழ் சினிமாப் பாட்டுகள் பைன் காட்டுக்கு அளித்த கொடை இது. இதன் இலக்கணப்படி தலை தவிர மற்றதெல்லாம் மரத்தின் பின்னால் மறைய வேண்டும். தோப்புப் பைன்கள் நெருக்கமாக நட்டு நெடுக வளர்ந்தவை. உயரத்தில் காட்டும் தாராளத்தைப் பருமனில் காட்டுவதில்லை. ஆகவே இம்முறை நாற்பது வயதுக்கு உட்பட்டோருக்கே செல்லும். சித்தப்பாவும் சித்தியும் முயன்ற படத்தில் மரம்தான் அவர்களுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதாகத் தோன்றுகிறது.

இத்தனையும் ஏன்? காட்டைப் பார்க்க வந்தவர்கள் காட்டை எடுக்காமல் ஒருவரையொருவர் எடுப்பதேன் என்று கடாவுவோர்க்கு விடை, பைன் காடு படத்தில் அடங்காது என்பதே. இதைச் சித்தப்பாதான் கண்டுபிடித்தார், 2024 மே மாதத்தில், முதுகாலே.

அவருக்கு முழு மரம் வேண்டும், அடி முதல் நுனி வரை, அடியில் நாங்கள் எட்டுப் பேர். போனைப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் வைத்தார். நுனி வரவில்லை. இன்னும் ஓரடி. அதற்குள் அவருக்கும் எங்களுக்கும் இடையில் வேறொரு மரம் வந்துவிட்டது. ஒதுங்கி மீண்டும் பின்னால் போனார். இப்போது இரண்டு மரம். பைன் காட்டின் அடிப்படை விதி இதுதான்: மரம் முழுவதும் தெரியும் தூரத்துக்குப் போனால் அந்த மரம் தெரியாது. “இன்னும் கொஞ்சம் சித்தப்பா” என்று தம்பி வேறு ஏற்றிவிட்டான். பைன் அடியில் செடிகொடி அதிகம் முளைக்காது. காய்ந்த ஊசிகள் மெத்தைபோலக் கிடக்கும். மெத்தை என்று நம்பி மிதித்தால் எண்ணெய் தடவிய தரை. சித்தப்பாவின் ரப்பர் செருப்பு முன்னால் போயிற்று, சித்தப்பா பின்னால் போய், எட்டிப்பார்த்தலில் ஈடுபட்டிருந்த வேறொரு தம்பதியின் நடுவே உட்கார்ந்தார். சரியாக அந்த நொடியில் அவர்கள் பையன் படத்தை எடுத்துவிட்டான். எங்கள் ஆல்பத்தில் இல்லாத சித்தப்பா, ஈரோட்டில் ஏதோ ஒரு வீட்டு ஆல்பத்தில் இருக்கிறார்.

நின்ற இடத்திலிருந்தே போனை மேலே சாய்த்து எடுத்தால் என்ன என்பாரும் உளர். சாய்த்தால் நேராக நிற்கும் மரங்களெல்லாம் உச்சியில் ஒன்றுகூடி, காடே மல்லாந்து விழுவதுபோல வரும். பழைய பெட்டிக் கேமராக்களில் கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே தூக்கி இதைச் சரிசெய்தார்கள். சித்தப்பாவிடம் அது இல்லை. ஆகவே கொடைக்கானல் போய்வந்த வீடுகளின் ஆல்பங்களில் உள்ள பைன் மரங்களுக்குப் பெரும்பாலும் தலை இருப்பதில்லை. மனிதர்களுக்குத் தலை இருக்கிறது என்பது ஓர் ஆறுதல். 1992இல் அதுவும் உறுதியில்லாமல் இருந்தது.

மரமே இந்தப் பாடு என்றால் மலை எப்படியிருக்கும்? இதற்கு முன்னோர் சான்று உண்டு. சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1863 முதல் 1866 வரை மூன்றுமுறை இமயமலைக்குள் போய்ப் படம் எடுத்தவர். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காயும்முன் படம் எடுத்து, காயும்முன் கழுவவும் வேண்டிய காலம். அதனால் இருட்டுக் கூடாரம், தகட்டுப் பெட்டிகள், மருந்துப் புட்டிகள் என அனைத்தையும் கூலியாட்கள் சுமந்தார்கள். 1866இல் 18,600 அடி உயரத்து மணிரங் கணவாயில் நின்று எடுத்தார். அப்பேர்ப்பட்டவரே, இந்த மலைகள் கேமராவுக்குள் அடங்காத அளவுக்குப் பெரியவை என்று எழுதிவைத்திருக்கிறார். நம்மிடமோ ஒரு போனும், பையில் அரை கிலோ மலைப்பூண்டும் மட்டுமே.

கேமராவுக்குள் மலை அடங்கவில்லை என்றார் போர்ன். போன் வந்தபின் அது நன்றாகவே அடங்குகிறது, அதுதான் வருத்தம். கண்ணுக்கு முன் ஆகாயத்தை மறைத்து நிற்கும் மலை, படத்தில் இட்லிபோல ஓரமாக உட்கார்ந்திருக்கும். போன்களின் முதன்மை லென்ஸ் பொதுவாக 24 முதல் 26 மில்லிமீட்டருக்குச் சமமான அகலக்கோணம். அது பக்கத்திலிருப்பதைப் பெரிதாக்கி, தூரத்திலிருப்பதைச் சுருக்கும். எனவே அக்கரை மலை எள்ளாகவும், இக்கரையில் கம்பிவேலியைப் பிடித்திருக்கும் அத்தையின் கைப்பை மலையாகவும் பதிவாகும். கண்ணோ அப்படியன்று; வேண்டியதை மட்டும் பார்த்து அதையே பெரிதென்று மனத்துக்குச் சொல்லிவிடும். கண் பொய் சொல்கிறதா, போன் பொய் சொல்கிறதா என்பதில் எங்கள் குழுவில் இருவேறு கருத்து உண்டு. அத்தை கைப்பை அவ்வளவு பெரிதில்லை என்கிறார்.

இனித் தூண் பாறை. சுமார் 400 அடி உயரத்தில் மூன்று கற்பாறைகள் தோளோடு தோள் நிற்கும் இடம். நிற்கும் என்று சொல்வதற்கு நேர்சான்று எங்களிடம் இல்லை. இரண்டு பயணத்திலும் மஞ்சு மூடியிருந்தது.

1992இல் போனதே ‘குணா’ படத்தால். முந்தின ஆண்டு படம் வந்ததிலிருந்து குகையைப் பார்த்தே தீருவேன் என்று சித்தப்பா நின்றார். அப்பா யாஷிகா ஒன்றை இரவல் வாங்கி, முப்பத்தாறு படச் சுருள் போட்டு, நாளுக்குப் பன்னிரண்டு என்று ரேஷன் வைத்தார். தூண் பாறைக்கு ஒதுக்கியது ஒன்றே ஒன்று. வேலியோரம் நாங்கள் வரிசையாக நிற்க, பின்னால் வெறும் வெள்ளை. அப்பா கேமராவைக் கண்ணில் வைப்பதும் எடுப்பதுமாகக் கால்மணி நேரம் நின்றார். ஹாரன் இரண்டுமுறை அடித்துவிட்டது. அப்போது அம்மா சொன்னார்: “எடுங்க. பின்னாடி இருக்குல்ல?”

அப்பா எடுத்தார். பிளாஷும் எரிந்தது. மஞ்சில் மிதந்த நீர்த்துளிகளில் பிளாஷ் பட்டுப் படம் முழுக்க வெள்ளைப் பொட்டுகள். அம்மா அதைப் பனி பெய்தது என்று சொல்லிவருகிறார். மஞ்சும் வெள்ளையாக வரவில்லை. கேமரா எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு வெளிச்சத்தை அளப்பது. வெள்ளையைக் காட்டினால், ‘இவ்வளவு வெளிச்சம் ஆகாது’ என்று குறைத்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் மஞ்சில் வேண்டுமென்றே வெளிச்சத்தைக் கூட்டிவைத்து எடுப்பார்கள். எங்களுக்குப் பின்னால் இருப்பது நீலம் போடாமல் காயப்போட்ட வேட்டி.

இரண்டாம் பயணத்துக்கும் படமே காரணம்: ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’. அதே குகை. இம்முறை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மே 7 முதல் இ-பாஸ் வேறு. வண்டி எண், ஆட்கணக்கு எல்லாம் கொடுத்து, அரசாங்கத்துக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டுத்தான் போனோம். மஞ்சுக்கும் தெரிந்திருக்கிறது.

அப்போது மச்சான் ஓர் உபாயம் செய்தார். கூலிங் கிளாஸைக் கழற்றிப் போன் லென்ஸின் முன் பிடித்தார். எள்ளி நகையாடற்க, இதற்கும் முன்னோர் உண்டு. 1927 ஏப்ரல் 10 அன்று ஆன்சல் ஆடம்ஸ் அமெரிக்காவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் என்ற பாறை மலையை எடுக்கப் பன்னிரண்டு தகடுகளோடு ஏறினார். கடைசியில் இரண்டே மிச்சம். ஒன்றை மஞ்சள் வடிகட்டி போட்டு எடுத்தார். வானம் வெளிறிப்போகும் என்று மனத்தில் பட்டதும், கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு வடிகட்டியை மாட்டினார். நீல வானம் கறுப்பாகி, பாறை எழுந்து நின்றது. ஆக, மச்சானின் கொள்கையில் பிழையில்லை. ஆனால் தூரத்து மலையை நீலமாக்கும் மங்கல் வேறு, மஞ்சு வேறு. முன்னது காற்றின் நுண்துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால் வருவது. நீலத்தை வடிகட்டினால் குறையும். மஞ்சின் துளிகளோ பெரியவை. எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும். அதனால்தான் அது வெள்ளை. எந்தக் கண்ணாடியை மாட்டினாலும் அந்தந்தக் கண்ணாடியின் நிறத்தில் மஞ்சு தெரியும். மச்சானுக்குப் பழுப்பு மஞ்சு கிடைத்தது.

அம்மா இதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. 1992இல் நின்ற இடம் இதுதான் என்று வேலியில் ஒரு கம்பத்தைக் காட்டி, அதே வரிசையில் எங்களை நிறுத்தினார். அப்பா நின்றிருக்க வேண்டிய இடம் என்று எதுவும் இல்லை; அன்றைக்கு அவர் கேமராவுக்குப் பின்னால் இருந்தார். மச்சான் போனை எடுத்துக்கொண்டு அங்கே போய் நின்றார். பத்து நிமிடம் முடிந்தது.

இப்போது இரண்டு படங்களும் ஹால் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. ஒன்று சாம்பல், ஒன்று வெள்ளை. போன மாதம் பத்திரிகை வைக்க வந்த உறவுக்காரர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டுலயும் தூண் பாறை” என்றார் அம்மா.

“ஆமாக்கா, ஒரே மாதிரிதான் இருக்கு.”

“பின்ன? முப்பது வருஷத்துல பாறை எங்க மாறப்போகுது?”