அட்டைப் பிரபு

திருவல்லிக்கேணிச் சந்துகளில் மேன்ஷன் என்ற கம்பீரமான நாமத்தைத் தாங்கிக்கொண்டு, அறைக்கு மூன்று கட்டில், கட்டிலுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஓர் ஆணி என்ற திட்டத்தில் நடந்துவரும் விடுதிகளிலே வாசம் செய்கிற மாணவர்களை நெடுங்காலமாகப் பார்த்து வருபவன் நான். மாசக் கடைசியில் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, மெஸ்ஸுக்குப் போகாமல் மெரீனாவுக்குக் காற்று வாங்கப் போகிறவர்களும், ஊரிலிருந்து பணம் வந்த அன்று மாத்திரம் குளியலறையில் உரக்கப் பாடுகிறவர்களும் எனக்கு நெருங்கிய பழக்கம். ஆனால் ஐந்தாம் தேதியும் இருபத்தைந்தாம் தேதியும் தமக்கு ஒன்றே என்று ஒரே முகவிலாசத்துடன் நடமாடுகிற ஒருவரை நான் தரிசித்தது சமீபத்தில்தான். எதிர் மேன்ஷனில் இரண்டாம் மாடியில் இருக்கிறார், முதுகலை இரண்டாம் ஆண்டு, சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம், வயது இருபத்திரண்டு, வருமானம் பூஜ்யம். அவரிடம் கிரெடிட் கார்டு இருக்கிறது. அவரைப் போன்றவர்கள் பட்டணத்தில் இன்று தெருவுக்கு நாலு பேர் இருக்கக்கூடுமாதலால், ஒருவருடைய பெயரை மட்டும் சொல்லி மற்றவர்களுக்கு அநீதி இழைக்காமல், அட்டைப் பிரபு என்று பொதுவாகவே அழைத்து விடுகிறேன்.

பிரபு பணம் கொடுக்கிற வைபவம் கண்கொள்ளாக் காட்சி. பிரியாணிக் கடையில் ஆறு நண்பர்கள் உட்கார்ந்து எலும்பு வரைக்கும் விசாரணை செய்து முடித்த பிறகு, பரிசாரகர் தட்டில் பில்லை வைத்ததும், மற்ற ஐந்து பேரும் சம்பிரதாயமாகப் பையில் கை விடுவது போன்ற ஓர் அபிநயத்தைத் தொடங்குவார்கள். "இருங்கடா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, இரண்டு விரல்களுக்கு நடுவே அட்டையைப் பிடித்து நீட்டும்போது அவர் முகத்தில் ஒரு ஜமீன்தாரின் களை வந்துவிடும். பில் 1,800 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்து பீடா போடுவதற்குள் நண்பர்கள் ஐவரும் ஆளுக்கு 300 ரூபாயை அவருடைய போனுக்கு அனுப்பி விடுகிறார்கள். கொடுத்தது வங்கியின் பணம். வந்தது தம் கணக்கில் 1,500 ரூபாய். இந்த அதிசயத்தின் ரகசியத்தை ஆராய்ந்து கொண்டிருக்காமல், வந்ததை வரவாகவே பாவித்து, அடுத்த நாள் அதைக் கொண்டு ஒரு ஜோடிச் செருப்பு வாங்கிவிடுகிறார். மாசம் முடிந்து வங்கியின் பட்டியல் வரும்போது பிரியாணியும் இல்லை, 1,500 ரூபாயும் இல்லை. செருப்பு மட்டும் இருக்கிறது, அதுவும் மேன்ஷன் வாசலில் யாராவது மாற்றிப் போட்டுக்கொண்டு போகாமல் இருந்தால்.

சம்பளம் இல்லாத பிள்ளைக்கு வங்கி எதை நம்பி அட்டை கொடுத்தது என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். 18 வயது நிரம்பியவர் தம் பெயரில் ஒரு டெபாசிட் போட்டு அதை ஈடாக வைத்தால், சம்பளச் சீட்டு இல்லாமலே கார்டு கொடுக்கும் வழக்கம் பல வங்கிகளில் உண்டாம். நமது பிரபுவின் பெயரில் அப்படி ஒரு டெபாசிட் தயாராக இருந்தது. தங்கை கல்யாணத்துக்கு உதவுமென்று, அவருடைய ஆச்சி பேரன் பெயரில் 25,000 ரூபாய் போட்டு வைத்திருந்தாள். அதில் நூற்றுக்கு எண்பது வீதம் 20,000 ரூபாய் அவருக்கு லிமிட். ஆச்சியின் பணத்துக்கு வங்கி கொடுக்கும் வட்டி வருஷத்துக்கு சுமார் ஏழு சதவீதம். அந்தப் பணத்தின் ஜாமீனிலேயே பேரனுக்குக் கொடுத்த கடனுக்கு வங்கி வாங்கும் வட்டி மாசத்துக்கு மூன்றரை, வருஷத்துக்கு 42 சதவீதம். அதாவது, பாக்கி முழுசாக நின்றால் ஒரு வருஷத்தில் ஆச்சிக்கு 1,750 ரூபாய் வரும். பேரன் 8,400 ரூபாய் கொடுப்பார். பணம் குடும்பத்தை விட்டு வெளியே போகாமலே இத்தனை லாபத்தை ஈட்டிக் காட்டுகிற சாமர்த்தியம் வேறு எந்த வியாபாரத்திலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பிரபுவின் தகப்பனார் மளிகைக் கடை வைத்திருக்கிறார் என்பதையும், கல்லாப்பெட்டிக்கு மேலே 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்ற பலகை முப்பது வருஷமாகத் தொங்குகிறது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுவது உசிதம். பலகையின் நிழலில் வளர்ந்த பிள்ளை அதை அப்படியே திருப்பிப் படித்துக்கொண்டுவிட்டது.

முதுகலைப் பட்டதாரியாகப் போகிற இவருக்குப் பாடங்களில் எவ்வளவு தேர்ச்சி என்பது நான் அறியேன். கார்டு சாஸ்திரத்தில் அபாரமான பாண்டித்தியம். அந்தக் காலத்துப் பெரியவர்கள் பஞ்சாங்கம் பாராமல் வெளியூர்ப் பயணம் புறப்படாததைப் போல, இவர் பில்லிங் தேதி பாராமல் பற்பசைகூட வாங்குவதில்லை. பதினோராம் தேதி பற்பசை தீர்ந்து போனால், பன்னிரண்டாம் தேதி பில் முடியும் வரையில் பக்கத்துக் கட்டில்காரருடைய பற்பசையில் காலம் தள்ளிவிட்டு, பதின்மூன்றாம் தேதி உதயத்தில் கடைக்குப் போவார். அன்று வாங்கினால் பணம் கட்டச் சுமார் ஐம்பது நாள் அவகாசம், வட்டி கிடையாது என்பது அவர் கண்டுபிடித்த பேருண்மை. அது உண்மையும்கூட. பாக்கியை ஒரு பைசா மிச்சமில்லாமல் கெடு தேதிக்குள் கட்டி முடிப்பவனுக்குத்தான் அந்த அவகாசம் என்கிற உபவாக்கியத்தை மாத்திரம் அவர் ஊன்றிப் படிக்கவில்லை. போதாததற்கு, ரூபே கார்டை யு.பி.ஐ.யுடன் இணைக்க 2022-ஆம் வருஷம் வழி திறந்துவிட்டபடியால், டீக்கடையில் ஒட்டியிருக்கும் சதுரக் கட்டத்தைப் போனில் படம் பிடித்து, பன்னிரண்டு ரூபாய் டீயையும் கடனிலே குடிக்கிற பாக்கியம் அவருக்குச் சித்தித்திருக்கிறது.

ஆரம்பத்தில் மூன்று மாசம் பிரபு ஒழுங்காகத்தான் கட்டினார். நாலாவது மாசம் பிரியாணியும் செருப்பும் சேர்ந்து அவரை ஒரு கை பார்த்துவிட்டன. பட்டியலில் மொத்தப் பாக்கி 20,000 என்று சிறிய எழுத்திலும், குறைந்தபட்சம் கட்ட வேண்டியது 1,000 என்று அதற்குப் பக்கத்திலும் போட்டிருந்தது. வங்கி தம் கஷ்டத்தை உணர்ந்து 19,000 ரூபாயைத் தள்ளுபடி செய்துவிட்ட மாதிரி ஓர் ஆனந்தம் அவருக்கு. "மினிமம் டியூ கட்டிட்டேன் சார், பிரச்சினை முடிஞ்சுது" என்று என்னிடம் வந்து சொன்னார். நான் பழைய காலத்து ஆசாமி; ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். 20,000 ரூபாய்க்கு மூன்றரை வீதம் ஒரு மாச வட்டி 700. அந்த வட்டியின்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 126. ஆகக்கூடி 826. ஆயிரம் ரூபாய் கட்டினால் 826 அந்தப் பக்கம் போய்விடும். அசலில் கழிவது 174. மேற்கொண்டு ஒரு டீகூடக் குடிக்காமல் இருந்தால்தான் அந்த 174-ம். பாக்கி நிற்கும்வரையில் வட்டியில்லாத அவகாசம் கிடையாதாகையால், இன்று குடித்த டீக்கு இன்றிலிருந்தே வட்டி.

பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீங்க ரிவார்டு பாயிண்டைச் சேர்க்கலையே சார்" என்றார். அவரிடம் பாயிண்டுகள் ஏராளமாக இருந்தன. அவற்றைக் கொண்டு ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கலாம். கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்தால் மூடியுள்ள பாட்டிலே வாங்கலாம்.

மேன்ஷன் மானேஜர் ஒரு கர்நாடகப் பேர்வழி. வாடகை ரொக்கமாகத்தான் வேண்டும் என்பவர். அதற்காகப் பிரபு ஒரு முறை கிரெடிட் கார்டை ஏ.டி.எம்.மில் செருகி 4,000 ரூபாய் எடுத்தார். எடுத்த கையோடு 500 ரூபாய் கட்டணம், அதற்கு 90 ரூபாய் ஜி.எஸ்.டி., எடுத்த நாளிலிருந்தே வட்டி. அந்த மாசம் நல்ல புழுக்கமான வெயில். மேன்ஷன் மின்விசிறி வேலை செய்யவில்லை. ஆனாலும் அவர் கட்டிய வாடகை ஏ.சி. அறையின் வாடகைக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது.

கடன் வாங்கிச் சாப்பிடுவது மாணவ குலத்துக்குப் புதிதல்ல. முன்பெல்லாம் டீக்கடை நாயரிடம் அக்கவுண்டு இருக்கும். எண்ணெய்க் கறை படிந்த நாற்பது பக்க நோட்டில், பெயருக்கு நேரே பன், டீ, பன் என்று ஏறிக்கொண்டே போகும். ஆனால் அந்தக் கடனுக்கு ஒரு முகம் இருந்தது. பாக்கி நூறைத் தாண்டினால் நாயர் பேசமாட்டார். கண்ணாடி டம்ளரைக் கொஞ்சம் ஓசையோடு வைப்பார். அந்த ஓசையைக் கேட்டவன் மறுநாள் பன் கேட்கமாட்டான். வங்கி டம்ளரை ஓசையோடு வைப்பதில்லை. பாக்கி ஏற ஏற, 'அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் லிமிட்டை உயர்த்தச் சம்மதமா?' என்று விநயமாக விசாரிக்கிறது. இந்த மரியாதைதான் ஆளைத் தொலைக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நம் ராஜ்யத்தில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றுக்குத் தடை போட்டு 2003-ஆம் வருஷமே சட்டம் செய்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டாலே பயம் வருகிற அந்த வட்டிகளுக்குத்தான் அந்தச் சட்டம்; வங்கிகளின் வட்டி அதன் எல்லைக்குள் வராது. கார்டு பாக்கிக்கு வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வியாபாரம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொல்லத்தான் செய்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே பிரபுவைக் காப்பாற்றச் சட்டம் வரும் என்று காத்துக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை.

அட்டையே கூடாது என்று நான் வாதாடவில்லை. பக்கத்துத் தெரு மகளிர் விடுதியில் ஒரு பெண் இருக்கிறாள். அவளும் கார்டு வைத்திருக்கிறாள். பரீட்சைக் கட்டணம், ஊருக்குப் போக ரயில் டிக்கெட், ஒரு நாள் நள்ளிரவில் அறைத்தோழியை ஆஸ்பத்திரியில் சேர்த்தது, இவ்வளவுதான் அதில் எழுதியிருக்கிறது. கையில் பணம் இருக்கிற செலவைத்தான் அட்டையில் செய்வது, கெடு தேதியன்று முழுத் தொகையும் கணக்கிலிருந்து தானாகவே போய்விடும்படி எழுதிக் கொடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறாள். அவளால் வங்கிக்கு ஒரு ரூபாய் வட்டி கிடையாது. நாளைக்கு வேலை கிடைத்து வீட்டுக் கடன் கேட்கப் போனால் சிபில் மதிப்பெண் நன்றாக இருக்கும். எல்லாம் சரி, ஆனால் அவளைப் பற்றி எழுத நாலு வரிக்கு மேல் விஷயம் இல்லை. வரப்போகிறது என்று தாமாகவே நிச்சயித்துக்கொண்ட பணத்தை நம்பி, அட்டையில் சாப்பிடுகிற நம் பிரபுவிடம்தான் ரசம் இருக்கிறது.

வைகுண்ட ஏகாதசிக்குப் பார்த்தசாரதி சுவாமி கோயிலில் பெருமாளைச் சேவிக்க ஆச்சி வந்திருந்தாள். தரிசனம் ஆனதும் பேரன் அவளை ஓட்டலுக்கு அழைத்துப்போய், விரத பலகாரம் வாங்கிக் கொடுத்து, வழக்கமான ஜமீன்தார் களையோடு அட்டையை நீட்டினார். என்னையும் கூட அழைத்துப் போயிருந்தார் என்பதால் நடந்ததை நான் நேரில் பார்த்தேன்.

"இது என்ன ராசா?" என்றாள் ஆச்சி.

அவர் சொன்னார். பில்லிங் தேதி, பாயிண்டு, மினிமம் டியூ என்று விஸ்தாரமாகவே சொன்னார். ஆச்சி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வட்டி எவ்வளவு?" என்று ஒரே கேள்வி கேட்டாள்.

"மாசத்துக்கு மூணரை பெர்சென்ட் ஆச்சி."

ஆச்சி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "மூணரை வட்டியா! ஏ ராசா, பூக்காரிக்கும் கீரைக்காரிக்கும் நானே ரெண்டு வட்டிக்குத்தானே குடுக்கேன்! எங்கிட்ட கேட்டிருக்கப்படாதா?"

டெபாசிட்டை முறித்துக் கடனை அடைத்துவிடலாமே என்று நான் குறுக்கே ஒரு யோசனை சொன்னேன். கல்யாணப் பணத்தில் கை வைக்கப்படாது என்று ஆச்சி ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாள். ஊருக்குப் போனதும் தானே அனுப்புவதாகச் சொன்னாள். சொன்னபடியே அடுத்த வாரம், ஊரிலிருந்து வந்த ஒருவர் கையில், மஞ்சள் பையில் சுற்றிப் பணம் வந்தது. பிரபு எண்ணிப் பார்த்தார். 19,600 இருந்தது. போன் போட்டுக் கேட்டதற்கு, முதல் மாச வட்டி 400 ரூபாயைப் பிடித்துக்கொண்டுதான் யாருக்கும் கொடுக்கிற வழக்கம் என்றும், பேரன் என்பதற்காக முறையை மாற்ற முடியாது என்றும் ஆச்சி தெரிவித்தாள். பாயிண்டு உண்டா என்று இவர் விளையாட்டாகக் கேட்டாராம், ஆச்சிக்குப் புரியவில்லை. ஆனால் ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்குப் போன் வந்துவிடும் என்பது மட்டும் இவருக்குப் புரிந்துவிட்டது.

கார்டுக் கணக்கை அடியோடு தீர்க்க 400 ரூபாய் குறைந்தது. அன்று சாயங்காலம் பிரபு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, வானிலையைப் பற்றியும் என் உடம்பைப் பற்றியும் வெகுநேரம் விசாரித்துவிட்டு, "சார், ஒரு நானூறு ரூபா இருக்குமா? ஒண்ணாந்தேதி குடுத்துடறேன்" என்றார். கொடுத்தேன். ஒன்றாம் தேதி போய் இப்போது பதினேழு ஆகிறது. தினம் காலையில் என் வாசல் வழியாகக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தவர், இப்பொழுது மேன்ஷனின் பின்புறச் சந்து வழியாகப் போகிறார். அந்தச் சந்தில் மழைத் தண்ணீர் முழங்கால் மட்டும் நிற்கிறது.