செல்ஃப் எடுக்காத வண்டி: பரபக்கமும் சுபக்கமும்

ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தியதும் இன்ஜின் எழாமல் ‘டக்’ என்ற சத்தம் மட்டும் எழுமாயின், அச்சத்தத்துக்குப் பொருள் கூற நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. டீக்கடை வாசலில் நிகழ்ந்தால் நின்றுகொண்டிருப்பவர் அனைவரும், அடுக்குமாடிக் குடியிருப்பில் நிகழ்ந்தால் வாட்ச்மேனும் உடன் கூடுவர். ஆளுக்கொரு மதம். அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் பிறர் மதங்களை எடுத்துவைத்து மறுத்த பிறகே தம் கொள்கையைச் சொன்னார். முன்னது பரபக்கம், பின்னது சுபக்கம். நம் ஆய்வுக்கும் அந்த முறையே தக்கது. பிறர் மதத்தை மறுக்காதவரை அவர்கள் வண்டியிலிருந்து கையை எடுக்கமாட்டார்கள்.

முதலாவது ஆட்டவாதம். இம்மதத்தார் வண்டியை இடமும் வலமும் சாய்த்து ஆட்டி, டேங்கில் பெட்ரோல் சலசலக்கிறதா என்று காதைக் கொடுப்பர். ரிசர்வ் குழாய் வைத்த வண்டிகளின் காலத்தில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஆனால் பெட்ரோல் தீர்ந்த வண்டியிலும் செல்ஃப் மோட்டார் சுற்றத்தான் செய்யும்; இன்ஜின்தான் பிடிக்காது. சுற்றாமை வேறு, பிடியாமை வேறு. இந்த இரண்டையும் பிரித்தறியாதவரோடு மேற்கொண்டு வாதம் வேண்டாம்.

இரண்டாவது உதைவாதமும் அதன் கிளையான தள்ளுவாதமும். புல்லட்டின் கம்ப்ரெஷனை முழங்காலால் வென்ற தலைமுறையினர் இதன் ஆசாரியர்கள். 1984-இல் கைனடிக் ஹோண்டா பொத்தானோடு வந்து இறங்கியபோதே இம்மதத்துக்கு இறங்குமுகம் தொடங்கிவிட்டது; இன்று பல வண்டிகளில் கிக்கரே கிடையாது. மிஞ்சியவர்கள் வண்டியை இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்து, சாலை இறக்கம் தேடித் தள்ளுவர். கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் பிளக்குக்கு வேண்டிய மின்சாரம் காயிலிலிருந்து நேராக வருவதால், பேட்டரி அடியோடு செத்திருந்தாலும் இந்த வழி பலித்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்து, பெரும்பாலான வண்டிகள் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. சாவியைத் திருப்பியதும் ‘ஙீ...’ என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்கிறதே, அது டேங்குக்குள் இருக்கும் பம்பு. பேட்டரி அறவே செத்தால் அது சுற்றாது, பெட்ரோல் வராது. அப்போது வண்டியை எவ்வளவு தூரம் தள்ளினாலும் கிடைப்பது வியர்வையே என்க.

மூன்றாவது மாற்றுவாதம். “பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க” என்பது இதன் மகாவாக்கியம். நான்கில் மிக ஆபத்தானது இதுவே. ஏனெனில் சில சமயம் உண்மையாகிவிடும். (நான்காவது, “நேத்து நல்லாத்தானே இருந்துச்சு” என்னும் மதம். அது வாதம் அன்று, புலம்பல். விட்டுவிடுவோம்.)

இனிச் சுபக்கம். பேட்டரி மின்சாரத்தை விளைவிப்பதில்லை. கொடுத்ததை வைத்திருந்து கேட்கும்போது தருகிறது. ஆகவே கொடுப்பவர், கேட்பவர், இடையிலுள்ள வழி ஆகிய மூன்றையும் விசாரிக்காமல் பேட்டரியைத் தண்டிப்பது முறையன்று. விசாரணைக்குரிய அளவைகள் காட்சி, கருதல், உரை.

காட்சி என்பது மல்டிமீட்டர். டிசி 20 வோல்ட்டில் திருகி வைத்து, சில மணி நேரம் ஓய்ந்து நிற்கும் வண்டியின் பேட்டரியில் சிவப்பு முனையைப் பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் வைக்க வேண்டும். உள்ளே ஆறு செல். செல் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட். 12.6-க்கு மேல் காட்டினால் வயிறு நிறைந்திருக்கிறது. 12-ஐ ஒட்டி நின்றால் பட்டினி. சார்ஜ் போட்டுப் பார்க்கலாம். இரவு முழுக்கச் சார்ஜ் போட்ட பிறகும் 10.5-ஐ விட்டு நகராவிட்டால் ஆறில் ஒரு செல் காலி; அங்கே மாற்றுவாதியை வாழ்த்திவிட்டுக் கடைக்குப் போக வேண்டியதுதான். ஓய்வில் 12.6 காட்டிவிட்டு, செல்ஃப் பொத்தானை அழுத்தியதும் 9-க்குக் கீழே சரிகிற பேட்டரியும் உண்டு. அதன் முதல் எண்ணை நம்பி ஏமாந்தவர் பலர்.

இன்ஜின் ஓடும்போது ஆக்ஸிலரேட்டரைச் சற்று முறுக்கி அதே இரு முனைகளையும் வைத்தால் கொடுப்பவரின் யோக்கியதை தெரியும். 13.5-க்கும் 14.5-க்கும் இடையே நின்றால் குறையில்லை. 13-ஐத் தாண்டாவிட்டால் காயிலோ ஆர்ஆர் யூனிட்டோ (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) படுத்துவிட்டது. இந்த நிலையில் புதுப் பேட்டரி வாங்கினால் சில நாளில் அதுவும் படுக்கும். 15-ஐத் தாண்டினாலும் ஆர்ஆர் யூனிட்தான் குற்றவாளி. பேட்டரி உப்பும், பல்பு ஒன்றன்பின் ஒன்றாகப் போகும், வீட்டில் ‘இந்த வண்டிக்கே நேரம் சரியில்லை’ என்ற பேச்சு எழும்.

அடுத்தது கருதல், அதாவது அனுமானம். சாவியைத் திருப்பியதும் எரியும் விளக்கு ஒன்றைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்துக. ‘டகடகடக’ என்று அடித்து விளக்கு மங்கினால் பேட்டரியில் தெம்பில்லை, அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது. ஒரே ‘டக்’, விளக்கு மங்கவேயில்லை. ரிலே வேலை செய்கிறது, மோட்டாருக்குக் கரண்டு போகவில்லை. ரிலேயின் உள்முனையோ மோட்டாரின் கார்பனோ தேய்ந்திருக்கும். சத்தமே இல்லையா? ஃபியூஸ், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், கடைசியாகக் கில் சுவிட்ச். நிறுத்தியிருந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து ‘டுர்ர்’ என்று ஓட்டி விளையாடிய பக்கத்து வீட்டுச் சிறுவன் அழுத்திவிட்டுப் போன அந்தச் சிவப்புப் பொத்தானிடம் பொறியியல் பட்டதாரிகளும் தோற்றிருக்கிறார்கள்.

உரை என்பது அனுபவசாலி மெக்கானிக்கின் வாக்கு. அவர் கையில் மல்டிமீட்டர் இராது. பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து, கிரீஸ் ஏறிக் கறுத்த டேப்பைச் சுற்றி வைத்திருப்பார். ஒரு முனை பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை இன்ஜின் மேல். பல்பு சரியாக எரியாமல் மினுக்கினால், “எர்த் இல்லை” என்பார். நகைக்க வேண்டாம். மல்டிமீட்டர் மிகச் சொற்பக் கரண்டை எடுத்தே அளப்பதால், ஒரே ஓர் இழையில் தொங்கும் ஒயரிலும் 12 வோல்ட் காட்டிவிடும். பல்போ உண்மையாகவே கரண்டு கேட்கிறது; வழி பழுதென்றால் எரியாமல் காட்டிக்கொடுக்கிறது. இவ்விடத்தில் காட்சியினும் உரையே வலியது.

வழியைப் பற்றி இன்னும் சிறிது. டெர்மினலில் வெண்மையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் பொடிதான் பாதி வழக்குகளுக்குக் காரணம் என்பது எம் துணிபு. ஆப்பச் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றித் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போகும். உலர்த்தி, இறுக்கி, மேலே வாசலின் தடவ வேண்டும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். முறை மாறி, பாசிட்டிவ் போல்ட்டில் நிற்கும் ஸ்பேனர் சேஸிஸில் பட்டால் பொறி பறக்கும். அப்போது விதியின் காரணம் தானே விளங்கும். சீட்டுக்கு அடியில் எலி குடியேறியிருந்தால் ஒயர் தோலுரிந்து கிடக்கும். அதற்கு எந்தச் சித்தாந்தத்திலும் பரிகாரம் கூறப்படவில்லை.

கேட்பவர் பகுதியில் ஒரு பொய் வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும். 2017 ஏப்ரல் 1 முதல் வந்த இருசக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடும்வரை ஹெட்லைட் எரிந்தே தீரும். எதிரே வருவோர் கையை விரித்து மூடி, “லைட்டு எரியுது!” என்று இன்றும் எச்சரிக்கிறார்கள். அவ்விளக்கு இன்ஜினோடு அணைவது. நிறுத்திய வண்டியின் பேட்டரியை அது குடிக்காது. குடிப்பவை பின்னாளில் நேரடியாகப் பேட்டரியில் மாட்டிய அலாரமும் ஜிபிஎஸ் கருவியும். அவற்றுக்குத் துணை நிற்பது, தெருமுனைக்குப் பால் வாங்க வண்டி எடுக்கும் பழக்கம். ஒரு செல்ஃபுக்குக் கொடுத்த கரண்டை ஐந்து நிமிட ஓட்டம் திருப்பித் தராமல் போகலாம்.

கஸ்தோன் பிளாந்தே என்னும் பிரெஞ்சுக்காரர் 1859-இல் ஈயத் தகடுகளைச் சுருட்டி அமிலத்தில் இட்டுச் செய்ததன் வழிவந்ததுதான் நம் சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரி. சார்ஜ் இறங்கினால் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படியும். அப்படியே விட்டால் இறுகிவிடும். 2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் கவர் போட்டு நின்ற வண்டிகள் திறந்ததும் மௌனம் சாதித்தது இதனால்தான். நெடுநாள் நிறுத்துவதானால் நெகட்டிவைக் கழற்றி வைக்க வேண்டும். சார்ஜ் போடும்போது ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றலாகாது: 5 ஆம்பியர்-மணிப் பேட்டரிக்கு அரை ஆம்பியர். அவசரத்துக்கு இங்கே இடமில்லை.

ஆகவே வாசகர் ஒரு மல்டிமீட்டர் வாங்கி வீட்டில் வைத்திருப்பது நலம். புதுப் பேட்டரியோடு ஒப்பிட்டால் விலை பொருட்டே இல்லை. அக்கம்பக்கத்தார் கேட்டால் தயங்காமல் இரவல் கொடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதற்குள்ளும் ஒரு 9 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அது தீரும் தறுவாயில் மலிவான மீட்டர்கள் உள்ளதைவிடக் கூடுதலாகவே வோல்ட் காட்டும்.