ரோல்பேக் கண்ட மாவட்டம்

பெரம்பலூரில் கடை, அரியலூரில் கிளை. மோட்டார், பைப்பு, டிரிப் சாமான் விற்கும் முதலாளிக்கு நான் கம்ப்யூட்டர் ஆள். வாங்கியவர் யார், பாக்கி எவ்வளவு, மறுபடி எப்போது கூப்பிட வேண்டும் என்பதையெல்லாம் சிஆர்எம் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்கிறது. அதற்கு அவ்வப்போது வரும் சர்வீஸ் அப்டேட்டைப் போடுவது என் வேலை. திட்டு வாங்குவதும்.

மைக்ரோசாஃப்ட் 2003 முதல் மாதத்தின் இரண்டாவது செவ்வாயில் பேட்ச் விடுகிறது. அமெரிக்காவின் செவ்வாய் காலை நமக்குச் செவ்வாய் ராத்திரி. ஆகவே போடுவது புதன்கிழமை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது அல்லவா? முதலாளி குளிர்ந்துபோய், வேறு கம்பெனியின் சிஆர்எம் அப்டேட்டையும் புதனுக்கே தள்ளிவிட்டார். பஞ்சாங்கம் பார்த்துப் போடுகிற பேட்ச் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலில் பேக்கப், பிறகு சர்வர், பிறகு கிளை டேட்டாபேஸ், கடைசியில் விற்பனைப் பையன்களின் போன். வரிசை மாறக்கூடாது. நடுவில் கரண்ட் போனால் பாதி டேபிள் புதுசு, பாதி டேபிள் பழசு. அதனால் பேப்பரில் 'நாளை மின்தடை' பகுதியை என்னளவு பக்தியோடு படிப்பவர் யாருமில்லை.

எங்கே முதலில் போடுவது என்பதில்தான் தகராறு. "அரியலூர்ல போட்டுப் பாருங்க தம்பி, ஓடுச்சுன்னா இங்க போடலாம்" என்பார் பெரம்பலூர் மேனேஜர். அரியலூர்க்காரரோ, "பெரம்பலூர்தானே தாய் மாவட்டம், அங்கேருந்து வரட்டும்" என்பார்.

மாவட்டக் கதையே அப்டேட் கதைதான். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டம். 2002 மார்ச்சில் மறுபடி பெரம்பலூரோடு ஒட்டு. 2007 நவம்பரில் மறுபடி தனி. போட்டு, கழற்றி, திரும்பப் போட்ட அப்டேட். அரியலூர்க் கிளையின் கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு ரோல்பேக் என்றால் விளக்க வேண்டியதே இல்லை. "போர்டு மாட்டி, அப்புறம் கழட்டுனாங்களே, அதானே? நான் அப்பவே மாவட்ட ரப்பர் ஸ்டாம்பைத் தூக்கிப் போடலை தம்பி. எப்படியும் திரும்ப வரும்னு தெரியும்." பேக்கப்புக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை.

ஆனால் வினை அங்கேதான் இருந்தது. செந்துறைப் பக்கத்து நாற்பது வயதுக்காரர் வீடு மாறாமலே மூன்று மாவட்டத்தில் வசித்தவர். பிறப்புச் சான்றிதழில் திருச்சி, பழைய ரேஷன் கார்டில் பெரம்பலூர், ஆதாரில் அரியலூர். எங்கள் சிஆர்எம்மில் அவர் மூன்று ஆள். போதாததற்கு இந்த வட்டாரத்தில் ஊருக்கு நாலு கலியபெருமாள். ஒரு அப்டேட்டின் குறிப்பில் 'இரட்டைப் பதிவுகளைக் கையாள்வதில் சிறு மேம்பாடு' என்று ஒரே வரி. அந்தச் சிறு மேம்பாடு கலியபெருமாள்கள் அத்தனை பேரையும் ஒருவராக்கி, ஒருவருடைய மோட்டார் பாக்கிக்கு எல்லாருக்கும் எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டது.

போன் அலறியது. "எனக்கு மானாவாரி நிலங்க, மோட்டாரை வாங்கி எந்தக் கிணத்துல இறக்க?" என்றார் ஒருவர். "அப்பா செத்து ரெண்டு வருஷம் ஆச்சு" என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு மகன். இன்னொரு கலியபெருமாள் மட்டும் பேசாமல் கடைக்கு வந்து, சின்ன வெங்காயம் விற்ற காசை எண்ணி வைத்துவிட்டுப் போனார். கம்ப்யூட்டரில் ஏறாமல் ஐயாவின் நோட்டில் மட்டும் கிடந்த பழைய பாக்கி. சாயங்காலத்துக்குள் அப்படியே இன்னும் சிலர்.

ராத்திரி காலைப் பேக்கப்பை எடுத்துப் போட்டேன். கலியபெருமாள்கள் ஆளுக்கு ஆள் பிரிந்தார்கள். பேக்கப்புக்குப் பிறகு ஏறியதெல்லாம் போய்விடும் என்பதால், அன்றைய வசூலும் கணக்கிலிருந்து போயிற்று. ரசீதுக் கட்டை வைத்துக்கொண்டு ஐயா ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் ஏற்றினேன்.

முதலாளி பின்னால் நின்று கூட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தம்பி, அந்த அப்டேட்ல வேற எதுவும் வேணாம். அந்த மெசேஜ் மட்டும் மாசாமாசம் போற மாதிரி பண்ண முடியுமா?"