உறையாத பால்

கரமனையில் எங்கள் வீட்டுக்குப் பால், அடுத்த தெரு சேச்சியின் பசுவிடமிருந்து. தூக்கை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வருவதும், ராத்திரி உறை ஊற்றுவதும் என் பொறுப்பு. போன மாசம் ஒரு காலை, பாத்திரத்தைத் திறந்தால் பால் பாலாகவே இருந்தது. புளிக்கவுமில்லை, திரியவுமில்லை. மறுநாளும் அப்படியே. "உன் உறைமோர் சரியில்லை" என்று மனைவியிடம் சிடுசிடுத்தேன். அந்தப் பாலில் அவள் போட்ட காபியை மட்டும் இரண்டு நாளும் பாராட்டிக் குடித்தேன்.

மூன்றாம் நாள் சேச்சி தலையில் கை வைத்தார். "களையான் வச்ச பாலல்லே அது, சாரே!" மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட பசு, சில நாள் பாலைக் கறந்து கொட்டச் சொல்லியிருந்தாராம் மாட்டு டாக்டர். சேச்சி என்னிடமும் சொன்னாராம். நான் போனைப் பார்த்தபடி தலையாட்டிவிட்டு, திண்ணையோரம் ஒதுக்கி வைத்திருந்ததை நானே தூக்கில் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

விடுவேனா? வீட்டுக்கு வந்து பிரசங்கம். மருந்து கலந்த பாலில் உறைமோரின் நல்ல பாக்டீரியாவே பிழைக்காது; காய்ச்சினாலும் மருந்து முழுசாகப் போகாது. 2018இல் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 77இல் ஆன்டிபயாடிக் எச்சம் வரம்பைத் தாண்டியிருந்தது. இப்படிக் கொஞ்சங்கொஞ்சமாக மருந்து பட்டுத் தப்பிக்கிற கிருமிதான் நாளைக்கு எதற்கும் மசியாது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங்குக்குப் போனேன். 1945 நோபல் உரையில் அவர் ஒரு கற்பனை மனிதரைச் சொன்னார், மிஸ்டர் எக்ஸ். தொண்டை வலிக்குத் தானே பெனிசிலின் வாங்கி, அரைகுறையாகப் போட்டுக்கொள்கிறார். பழகிப்போன கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது. மருந்து கேட்காமல் அவள் செத்துப்போகிறாள்.

மனைவி எழுந்து போய் மேசை டிராயரைத் திறந்தாள். அங்கே ஒரு நீலக் கவர். கேரளத்தில் 2024இலிருந்து ஆன்டிபயாடிக்கை அதில் போட்டுத்தான் தரவேண்டும், எச்சரிக்கை வாசகத்தோடு. நான் அதில் கரண்ட் பில்லைச் செருகி வைத்திருந்தேன். பில்லுக்குப் பின்னால், என் தொண்டை வலிக்கு ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்த அமாக்ஸிசிலின். மூன்றாம் நாளே வலி போய்விட்டதால் மிச்சத்தை அடுத்த சளிக்கென்று பத்திரப்படுத்தியிருந்தேன். அதற்கு முந்தைய சளிக்கு, சீட்டில்லாமல் இரண்டு கடை ஏறி, "சீட்டு உண்டோ சாரே?" என்று கேட்கப்பட்டுத் திரும்பியவன் வேறு என்ன செய்வான்?

அவள் ஒவ்வொன்றாக எண்ணினாள். பன்னிரண்டு.

"காபி போடட்டுமா, மிஸ்டர் எக்ஸ்?" என்றாள்.