பக்கத்து மிஷின்

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பளம். பனியன் கம்பெனியில் நான் ஓவர்லாக் அடித்த 1986இல் அன்றைக்கு இன்னொன்றும் உண்டு: வாசலோரச் சுவரில் கரும்பலகை. யார் எத்தனை பீஸ் தைத்தார் என்று சூப்பர்வைசர் மேலிருந்து கீழாக எழுதி வைக்க, கூலி வாங்கிய கையோடு அதன்முன் நின்று சொந்தப் பெயரையும், அடுத்த கணமே பக்கத்து மிஷின்காரர் பெயரையும் தேடுவோம். ரேங்க் அட்டை வாங்கிய அன்று நீங்களும் அப்படித்தானே தேடியிருப்பீர்கள்?

மூன்றாவதாக வந்த வாரம் எல்லாருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தேன். ஒன்பதாவதாக இறங்கிய வாரம் சினிமாவுக்குக்கூடப் போகவில்லை. ஆனாலும் அந்தப் பலகை எங்களைப் பிரிக்கவில்லை. 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் அது. மகனுக்குக் காய்ச்சல் என்று பக்கத்து மிஷின் அக்கா தூங்காத கண்ணோடு வந்த வாரம், டீக்கு எல்லாரும் எழுந்ததும் என் கட்டிலிருந்து பத்துப் பீஸை அவர் கட்டுக்குள் தள்ளினேன். "வேண்டாங் கண்ணு, உம்பேரு கீழ போயிரும்" என்றார். போனது. அந்த எட்டாம் இடம்போல் எந்த இடமும் எனக்கு இனித்ததில்லை.

இங்கிலாந்தின் பழத்தோட்டம் ஒன்றில் பாண்டியேரா, பாரன்கே, ரசூல் என்ற மூவர் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னாளில் படித்தபோது அக்காவின் முகம்தான் வந்தது. ஒருவர் வேகமாகப் பறித்தால் மற்றவர் கூலி குறையும் என்றிருந்தவரை, நண்பர்களுக்கு அருகில் பறித்தவர்கள் கையை மெதுவாக்கிக்கொண்டார்களாம். ஒருவரையொருவர் பார்க்க முடியாத உயரச் செடிகளுக்கு நடுவே அந்தத் தயவு இல்லையாம்.

இப்போது தங்கை மகள் வேலை செய்யும் கம்பெனியில் மிஷினுக்கொரு திரை. இலக்கை எட்டினால் பச்சை, பின்தங்கினால் சிவப்பு. கணக்கில் ஓரவஞ்சனை இல்லை. எங்கள் பலகையில் சூப்பர்வைசரின் சொந்தக்காரருக்கு ஒரு டஜன் கூடுதலாக ஏறியதுண்டு, அந்த வகையில் இது நல்லதுதான். அவளுக்குப் பக்கத்தில் ஒடிசாவிலிருந்து வந்த பெண்.

"அவளுக்குச் சிவப்பு எரிஞ்சா என்ன கண்ணு பண்ணுவே?" என்று கேட்டேன்.

"கட்டுல பார்கோடு இருக்குதுங் மாமா, மாத்தித் தர முடியாது" என்றவள், கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: "தண்ணி பாட்டிலை எடுத்து நீட்டுவேன்."