இட்லி மாவு திண்மமா, திரவமா, வாயுவா? ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

இடத்தை அடைத்துக்கொள்வதும் நிறை உடையதுமே பருப்பொருள் என்கிறது தொடக்கப்பள்ளி அறிவியல் பாடம். இதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் மாவுப் பாத்திரம் அடைத்துக்கொண்டிருக்கும் இடமும், அதை வெளியே எடுத்து வைப்பவர் விடும் பெருமூச்சும் போதிய சான்றுகள்.

சிக்கல் அடுத்த பக்கத்தில் தொடங்குகிறது. அங்கே ஓர் அட்டவணை. திண்மத்துக்குச் சொந்த உருவமும் உண்டு, மாறாத கன அளவும் உண்டு. திரவத்துக்குக் கன அளவு உண்டு, உருவம் இல்லை. வாயுவுக்கு இரண்டும் இல்லை. கல், தண்ணீர், காற்று மூன்றும் சமர்த்தாகத் தத்தம் கட்டத்தில் உட்கார்ந்துவிடுகின்றன. நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் இட்லி மாவை எங்கே உட்காரவைப்பது? இவ்வினாவை எழுப்பாமலேயே தலைமுறைகள் ஐந்தாம் வகுப்பைக் கடந்துவிட்டன. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆய்வுப் பொருளும் கருவிகளும்

ஆய்வுப் பொருள்: நான்கு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, சிறிது வெந்தயம், உப்பு, தண்ணீர். அரைக்கும் கருவி: கோயம்புத்தூர் வெட் கிரைண்டர். புவிசார் குறியீடு பெற்ற கருவியாதலால் அதன் தகுதி குறித்து ஐயம் எழாது. அளவுகோல்: மாவு நிற்கும் மட்டத்தில் பாத்திரத்தின் வெளிப்புறம் ஒட்டப்பட்ட ஸ்டிக்கர் பொட்டு. ஆய்வுக்காலம்: ஓர் இரவு. சமையலறைக்கு உரியவரின் அனுமதி வாய்மொழியாகப் பெறப்பட்டது. திறந்து திறந்து பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை.

3. உருவம்

தூக்கில் ஊற்றினால் தூக்கின் உருவம், குழித்தட்டில் ஊற்றினால் குழியின் உருவம். எனவே மாவு திரவம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டலாம். ஆனால் கெட்டியாக ஆட்டிய மாவை ஒரு கரண்டி எடுத்து அதன் மேலேயே விட்டுப் பாருங்கள். தண்ணீரைப் போல உடனே சமப்பட்டுவிடாது. சிறு மேடாகச் சற்று நேரம் நிற்கும். கலக்கினால் இளகும், கையை எடுத்தால் மீண்டும் இறுகும். குறிப்பிட்ட விசை கிடைக்கும்வரை அசையாமல் இருந்து, அதன்பின் ஓடத் தொடங்கும் பொருள்களை அமெரிக்க வேதியியலர் யூஜின் பிங்காம் விரிவாக ஆராய்ந்தார். குழாயைத் தலைகீழாகப் பிடித்தாலும் அழுத்தாமல் வெளியே வராத பற்பசை இவ்வினத்துக்கு எடுத்துக்காட்டு. கரண்டியைச் சரித்து மாவு விழும் விதத்தைப் பார்த்து, இன்னும் அரை டம்ளர் தண்ணீர் விடு என்று ஆணையிடும் பாட்டிமார் அளப்பதும் இந்தப் பண்பைத்தான்.

ஓட்டத்தை ஆராயப் பொறுமை தேவை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் தாமஸ் பார்னெல் ஒரு புனலில் கீலை நிரப்பினார். சுத்தியால் அடித்தால் சில்லு சில்லாக உடையும் அந்தப் பொருளும் திரவமே என்று காட்டுவது அவர் எண்ணம். 2014 வரை அதிலிருந்து விழுந்தவை 9 துளிகள். இதற்கு 2005இல் இக் நோபல் பரிசும் கிடைத்தது. இட்லித் தட்டின் முன் காத்திருப்போரிடம் இந்த அளவுப் பொறுமை காணப்படவில்லை.

4. கன அளவு

திரவத்தின் உருவம் மாறினாலும் கன அளவு மாறாது என்பது பாடம். பொட்டு ஒட்டிய இடத்தில் இரவில் நின்ற மாவு, விடியும்போது பொட்டைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. 2 லிட்டர் மாவு 4 லிட்டர் ஆவது எந்தத் திரவத்துக்கும் அடுக்காத செயல்.

காரணம் லியூகோநாஸ்டாக் மெசன்டிராய்டஸ் என்னும் பாக்டீரியா. அரிசியோடும் உளுந்தோடும் ஒட்டிக்கொண்டு அழைப்பின்றி வரும் இந்த விருந்தாளி, மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறது. உளுந்தின் கொழகொழப்பு அந்தக் குமிழிகளைத் தப்பவிடாமல் பிடித்து வைக்கிறது. அதாவது, கூடுதலாகத் தெரிந்த 2 லிட்டரும் மாவன்று, வாயு. 30 டிகிரி செல்சியஸில் 2 லிட்டர் கார்பன் டை ஆக்சைடின் நிறை சுமார் 3.5 கிராம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரைகூடத் தேறாத இவ்வாயுதான் பாத்திரத்தின் மூடியைத் தள்ளுகிறது.

5. நிறை

இரட்டிப்பான மாவின் நிறையும் இரட்டிப்பாகியிருக்குமா? தராசு இல்லை என்கிறது. வாயு வெளியிலிருந்து வரவில்லை. மாவே தன்னில் ஒரு பகுதியை வாயுவாக்கிக்கொண்டது. தப்பியோடும் குமிழிகளையும் பிடித்துச் சேர்த்து நிறுத்தால் கணக்கு சரியாக இருக்கும். பிரெஞ்சு வேதியியலர் லவாய்சியர், நிறை அழிவதுமில்லை, புதிதாகத் தோன்றுவதுமில்லை என்ற கொள்கையைத் தம் 1789ஆம் ஆண்டு நூலில் எடுத்துச் சொன்ன இடம், சாறு நொதித்து ஒயின் ஆவதைப் பற்றிய அத்தியாயம். அவர் திராட்சையில் கண்டதை நாம் உளுந்தில் காண்கிறோம்.

6. அடர்த்தி

நிறை அப்படியே இருக்க, கன அளவு இரட்டித்தால் அடர்த்தி பாதியாகும். இப்பண்பைச் சமையலறை வேறு வகையில் முன்பே அளந்து வந்திருக்கிறது. வடைக்கு ஆட்டிய உளுந்து மாவில் ஒரு கிள்ளு எடுத்துத் தண்ணீரில் போடுவார்கள். மூழ்கினால் இன்னும் ஆட்ட வேண்டும்; மிதந்தால் போதிய காற்று ஏறிவிட்டது. மிதப்பு விதியைச் சொன்ன ஆர்க்கிமிடீஸ் இதைத் தொட்டியில் இறங்காமலேயே கண்டிருக்கலாம்.

7. வெப்பத்தின் விளைவு

30 டிகிரியில் இருந்த குமிழி, ஆவியில் 100 டிகிரியை எட்டும்போது, ஜாக் சார்ல்ஸின் பெயர் தாங்கிய விதிப்படி, சுமார் 23 விழுக்காடு விரியும். நீராவியும் உள்ளே சேர்வதால் இன்னும் உப்பும். அதே நேரத்தில் அரிசியின் மாவுச்சத்து நீரை உறிஞ்சி இறுகிச் சுவராகிறது. குழித்தட்டிலிருந்து எடுத்த பின்னும் இட்லி குழியின் உருவத்திலேயே இருக்கிறது: சொந்த உருவம், சொந்தக் கன அளவு, எனவே திண்மம். ஆனால் பனிக்கட்டி உருகித் தண்ணீராவது போல இட்லி திரும்ப மாவாகாது. உதிர்த்து உப்புமா செய்யலாம், அதற்குமேல் வழியில்லை.

8. முடிவுகளும் பரிந்துரைகளும்

அ. இட்லி மாவு ஒற்றைப் பொருளன்று. நுண்ணிய அரிசித் துகள்கள், அவற்றைச் சுமக்கும் நீர், இடையே சிக்கிய வாயு என மூன்று நிலைகளும் ஒரே பாத்திரத்தில் குடித்தனம் நடத்துகின்றன. அட்டவணை தவறன்று, கலவைகளை அதனிடம் கேட்பதுதான் தவறு.

ஆ. பொருளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுமுன் உருவம், கன அளவு, நிறை, அடர்த்தி ஆகியவற்றை அளந்து பார்க்கும் பழக்கம் மாணவருக்கு வர வேண்டும். செய்முறை வகுப்புக்கு ஒரு தூக்கு மாவும் ஒரு பொட்டும் போதும்.

இ. ஆய்வகப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது.

ஈ. மூன்று நிலைகளுக்கும் எடுத்துக்காட்டு தருக என்ற வினாவுக்கு மூன்று இடத்திலும் இட்லி மாவு என்று எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் தரலாம். ஆனால் எப்போது என்பதையும் அவர் குறிப்பிட வேண்டும்: ஆட்டி வழித்ததும் திரவம், விடியற்காலையில் வாயுவும் சேர்ந்தது, ஆவி அடங்கியபின் திண்மம். நேரம் எழுதாத விடைக்கு அரை மதிப்பெண் குறைக்கலாம்.